கேளுங்கள், சொல்கிறேன்: மீட்சித் தோழமைகளும் கணினித் தன்னார்வலர்களும்

குடிநோயிலிருந்தும் போதையிலிருந்தும் மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் தோழமைகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சின்ன பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, அந்தத் தோழமைகளுக்கு இணையதளம், போன் சேவை, ஆன்லைன் கூட்டம் என்று வேலை பார்த்துக் கொடுப்பவர்களும், பார்த்துக் கொடுக்க ஆசைப்படுபவர்களும் நிறைய எழுதிவிட்டார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அவர்களுக்குத்தான். கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். இந்த விஷயத்தில் அதுதான் முறை.

கேள்வி: நான் மென்பொருள் எழுதுபவன். என் அண்ணன் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டங்களுக்குப் போய்த்தான் குடியை விட்டார். அந்த நன்றிக்கு ஏதாவது செய்ய வேண்டும். குடிக்காத நாட்களை எண்ணுவது, கூட்டப் பட்டியல், அரட்டை எல்லாம் சேர்த்து ஒரு ஆப் எழுதலாம் என்று இருக்கிறேன். சரியா?

முதலில் அண்ணனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ஆப் யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நாள் எண்ணும் ஆப்கள் ஏற்கெனவே ஏராளமாக இருக்கின்றன. அண்ணன் மூலமாக அந்த வட்டாரச் சேவைக் குழுவைப் பிடித்து, "உங்களுக்கு இப்போது எது தொல்லையாக இருக்கிறது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: கூட்டப் பட்டியல் தப்பாக இருக்கிறது.

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். யோசித்துப் பாருங்கள். பல வருடம் குடித்தவர், வீட்டில் எல்லோரும் சொல்லியும் கேட்காதவர், ஒருநாள் தானாகவே "போய்த்தான் பார்ப்போமே" என்று முடிவெடுக்கிறார். போனில் தேடுகிறார், ஏழு மணிக்குக் கூட்டம் என்று போட்டிருக்கிறது, கிளம்பிப் போகிறார், கதவு பூட்டியிருக்கிறது. கூட்டம் போன வருடமே வேறு இடத்துக்கு மாறிவிட்டது, பட்டியலில் யாரும் மாற்றவில்லை. அந்த மனிதர் மறுபடியும் அதே தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வருவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தோழமைகளுக்காகச் செய்யக்கூடிய கணினி வேலைகளில் இதைவிட முக்கியமானது வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இதற்கான கருவிகளைத் தன்னார்வலர்கள் ஏற்கெனவே செய்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய திறந்த மூல மென்பொருளாகக் கொடுத்திருக்கிறார்கள். போதைப்பொருளிலிருந்து மீள்பவர்களின் தோழமையான நார்காட்டிக்ஸ் அனானிமஸ் (என்.ஏ.) உறுப்பினர்கள் உருவாக்கிய பேசிக் மீட்டிங் லிஸ்ட் டூல்பாக்ஸ் ஒன்று, சுருக்கமாக பி.எம்.எல்.டி. என்பார்கள். ஒரு சர்வரில் வட்டாரத்தின் எல்லாக் கூட்டங்களையும் பதிந்துவிட்டால் எத்தனை இணையதளம் வேண்டுமானாலும் அங்கிருந்தே எடுத்துக் காட்டலாம், ஓர் இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்திவிடும். ஏ.ஏ. பக்கம், இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஓடும் 12 ஸ்டெப் மீட்டிங் லிஸ்ட் என்ற கருவி இருக்கிறது, அதைக் கோட் ஃபார் ரிக்கவரி என்ற தன்னார்வலர் அமைப்பு பராமரிக்கிறது. ஏ.ஏ.வின் மீட்டிங் கைடு ஆப் உள்ளூர் அலுவலகங்கள் வைத்திருக்கும் பட்டியல்களைத்தான் எடுத்துக் காட்டுகிறது. உள்ளூரில் தப்பு என்றால் ஆப்பிலும் தப்புதான். ஆகவே நீங்கள் இன்னொரு ஆப் எழுதினால் தப்பான பட்டியலைக் காட்டும் இடம் இன்னும் ஒன்று கூடும், அவ்வளவுதான்.

நிரல் எழுதத்தான் வேண்டும் என்று கை துறுதுறுக்கிறதா? அந்தத் திறந்த மூலத் திட்டங்களிலேயே வேலை கிடக்கிறது. உதாரணமாக ஆன்லைன் கூட்டங்களின் நேரம். கிரீன்விச் நேரத்திலிருந்து இத்தனை மணி வித்தியாசம் என்று ஒரு எண்ணாகச் சேமித்தால் கதை கந்தலாகிவிடும். கோடைக்காலத்துக்காக அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறுதான் தள்ளுகிறார்கள், பல நாடுகள் தள்ளுவதே இல்லை. இடையில் இருக்கும் அந்த வாரங்களில் உலகின் பாதிப் பேர் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ வந்து நிற்பார்கள். நேர மண்டலத்தின் பெயரைச் சேமியுங்கள், மாற்றத்தைக் கணினியே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் எந்த மென்பொருளாலும் ஒரு கூட்டம் உண்மையில் நடக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. மனிதர்தான் போன் போட்டுக் கேட்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழுவையும் கூப்பிட்டு இடம், நாள், நேரம், எந்த வாசல் வழியாக உள்ளே வர வேண்டும் என்பது உட்பட விசாரித்து, "கடைசியாக உறுதிசெய்த தேதி" என்று பட்டியலிலேயே போடுங்கள். அலுப்பான வேலைதான், இருந்தாலும் செய்யுங்கள்.

அப்புறம், நீங்கள் உறுப்பினர் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். ஏ.ஏ. குழுக்கள் கடைப்பிடிக்கும் 12 மரபுகளில் ஏழாவது, வெளியார் பணத்தை வாங்காமல் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. ஆறாவது, வெளி நிறுவனங்களுக்குத் தோழமையின் பெயரை இரவல் தரக்கூடாது என்கிறது. எனவே உங்கள் படைப்புக்கு அவர்கள் பெயரை வைக்காதீர்கள், சர்வர் செலவை நானே கட்டுகிறேன் என்று தாராளம் காட்டாதீர்கள். வெளியாரே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. அமெரிக்காவில் உள்ள ஏ.ஏ. பொதுச்சேவை வாரியத்தின் 21 அறங்காவலர்களில் 7 பேர் குடிநோயாளிகள் அல்லாதவர்கள். குழு கூடிப் பேசி உங்களை ஏற்றுக்கொண்டால் சந்தோஷமாகச் செய்யுங்கள், கடைசி முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் கூட்டத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவருக்கு, குழுவில் இருந்த நம்பரை எடுத்து ஓர் ஆண் உறுப்பினர் தனியாகச் செய்தி அனுப்பித் தொல்லை கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் வருவதையே நிறுத்திவிட்டார். குழுவை மூடிவிடலாமா?

அந்தப் பெண்ணைப் பற்றி முதலில். குழுவில் உள்ள மூத்த பெண் உறுப்பினர் ஒருவர் அவரைத் தொடர்புகொண்டு, நடந்தது தவறு, உன் மேல் எந்தக் குறையும் இல்லை என்று சொல்ல வேண்டும், பெண்கள் மட்டும் கூடும் கூட்டம் இருந்தால் அங்கே கூட்டிப்போக வேண்டும். இது இன்றைக்கே நடக்க வேண்டிய காரியம். புதிதாக வருபவரின் பலவீனமான நேரத்தைப் பயன்படுத்திக்கொள்வதை, மீட்சிக்கான 12 படிகளைக் கிண்டலாக நீட்டி, தோழமைகளுக்குள் "பதிமூன்றாவது படி" என்பார்கள். அதற்கென்று ஒரு பேர் விழுந்திருக்கிறது என்றால் எத்தனை காலமாக நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அந்த ஆளிடம் குழுவின் சார்பில் இருவர் நேரில் பேசுங்கள். "அனானிமஸ்" (பெயர் வெளியிடாதவர்) என்பதால் யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. பெயர் மறைப்பு தவறான நடத்தைக்குப் போர்வை ஆகாது, தேவைப்பட்டால் போலீசுக்குப் போவது எந்த மரபையும் மீறியதாகாது என்று ஏ.ஏ.வே பாதுகாப்பு பற்றிய தன் வெளியீட்டில் சொல்லியிருக்கிறது.

இனி கணினி விஷயம். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த நொடியே உங்கள் நம்பர் எல்லோருக்கும் தெரியும். குடிநோய்க் கூட்டத்துக்கு முதல்முறை வந்தவரை அன்றைக்கே அப்படி ஒரு குழுவில் சேர்ப்பது அவரைக் கேட்காமல் அவர் அடையாளத்தை அத்தனை பேருக்கும் கொடுத்துவிடுவதற்குச் சமம். வாட்ஸ்அப்பிலேயே கம்யூனிட்டி என்ற ஏற்பாட்டில் அறிவிப்புக் குழு மட்டும் வைத்துக்கொண்டால், உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களும் அட்மின்களும் தவிர மற்றவர்களுக்கு அது தெரியாது. சிக்னல் என்ற செய்தி ஆப்பில் 2024 பிப்ரவரியிலிருந்து பயனர் பெயர் வைத்துக்கொண்டு நம்பரை மறைக்க முடிகிறது. எதுவானாலும், சேர்க்கும் முன் கேளுங்கள். வேண்டாம் என்பவருக்கு அச்சடித்த பட்டியலைக் கையில் கொடுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று, குழுவின் பெயர். "மீட்சித் தோழர்கள்" என்று பெயர் வைத்தால் அலுவலகத்தில் மேசைமேல் கிடக்கும் போனின் பூட்டுத் திரையில் அந்தப் பெயர் எழும்பும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் படிப்பார். "செவ்வாய் மாலை" என்று சாதாரணமாக ஒரு பெயர் வையுங்கள். காலண்டர் அழைப்புகளுக்கும் இதேதான்.

மூட வேண்டாம், மாற்றி அமையுங்கள்.

கேள்வி: எங்கள் ஆன்லைன் கூட்டத்தில் அடிக்கடி விஷமிகள் புகுந்து அசிங்கம் செய்கிறார்கள். போன வாரம், யாரோ ஒருவரின் ஏஐ குறிப்பெடுக்கும் மென்பொருள் தானாக உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. கூட்டம் முடிந்த பிறகுதான் பார்த்தோம்.

விஷமிகள் பிரச்சினை 2020இல் உலகம் முழுக்க வெடித்தது. கொரோனாவால் கூட்டங்கள் ஒரே மாதத்தில் ஜூமுக்கு மாறியபோது, ஏ.ஏ. கூட்டங்களில் புகுந்து மது பாட்டிலைக் காட்டிக் கேலி செய்தவர்களெல்லாம் உண்டு. அந்த ஏப்ரலில்தான் ஜூம் பல கணக்குகளுக்குக் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் தானாகவே இயங்கும்படி மாற்றியது.

கூட்டத்தை நடத்துபவர் வேறு, காவல் பார்ப்பவர் வேறு என்று இருவரைப் போடுங்கள். ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டே கதவையும் பார்ப்பது ஒருவரால் ஆகாது. திரைப் பகிர்வு, கோப்பு அனுப்புதல், பதிவு செய்தல் எல்லாவற்றையும் நடத்துபவர் தவிர யாரும் செய்ய முடியாதபடி அடைத்துவிடுங்கள். போன் மூலம் வருபவர்களின் நம்பரில் சில இலக்கங்களை மறைக்கும் வசதி இருக்கிறது, அதையும் போடுங்கள். காத்திருப்பு அறை வைத்தால் அங்கே ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பத்து நிமிடம் காத்திருந்துவிட்டுப் போய்விடும் புதியவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை, விஷமி எப்படியும் பொறுமையாகக் காத்திருப்பான்.

ஏஐ மென்பொருள் விஷயம் விஷமியைவிட மோசம் என்பேன். விஷமி கத்திவிட்டுப் போய்விடுவான். இது ஒருவர் அழுதுகொண்டே சொன்னதை வரிவரியாக எழுதி யாருடைய சர்வரிலோ வைத்துவிடும், சிலசமயம் கூட்டத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் மின்னஞ்சலில் சுருக்கமும் அனுப்பும். பெரும்பாலும் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, ஆபீஸ் வேலைக்காக யாரோ பொருத்தியது, காலண்டரில் கண்ட எல்லாக் கூட்டத்துக்கும் தானாகப் போய்விடுகிறது. மனிதர் என்று உறுதியாகாத எதையும் உள்ளே விடாதீர்கள். தொடக்க அறிவிப்பில், "பதிவு, எழுத்து வடிவம், சுருக்கம் எதுவும் கூடாது" என்று ஒரு வரி சேருங்கள். காது சரியாகக் கேட்காதவர்களுக்காக உடனடி வசன வரிகள் ஓடட்டும், அது அவசியம். அதைச் சேமிக்கும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் இணையதளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்க, வழக்கமான இலவசக் கண்காணிப்பு நிரலைப் போடலாமா?

வேண்டாம். குடியை நிறுத்த வழி தேடி வருபவரின் வருகையே ஒரு மருத்துவ ரகசியம் மாதிரி. விளம்பர நிறுவனங்களின் நிரலைப் போட்டால் அந்தத் தகவல் அவர்களுக்குப் போகும், பிறகு அவர் போகுமிடமெல்லாம் சிகிச்சை மைய விளம்பரம் துரத்தும். குடிநோய்க்கு ஆன்லைனில் சிகிச்சை தந்த ஒரு நிறுவனம் பயனர்களின் விவரங்களை விளம்பரத் தளங்களுக்குக் கொடுத்தது என்று 2024இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்.டி.சி. நடவடிக்கை எடுத்தது. உங்களுக்கு எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் உங்கள் சர்வரிலேயே ஓடும், ஐபி முகவரியைச் சேமிக்காத கருவிகள் இருக்கின்றன. சமூக வலைத்தளப் பொத்தான்களையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: இரவில் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுக்க ஆள் இல்லை. ஏஐ சாட்பாட் வைத்தால் என்ன?

அடுத்த கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்லும் வரைக்கும் இயந்திரம் இருக்கலாம். என்.ஏ. தன்னார்வலர்கள் எழுதிய யாப் என்ற மென்பொருள் அதைத்தான் செய்கிறது. அழைப்பவரின் இடத்தைக் கேட்டு அருகிலுள்ள கூட்டங்களைச் சொல்லும், பேச வேண்டும் என்றால் முறைப்படி யார் பணியில் இருக்கிறாரோ அந்தத் தன்னார்வலரின் போனுக்கு இணைக்கும், அவர் எடுக்கவில்லை என்றால் அடுத்தவரைக் கூப்பிடும். ஆள் குறைவு என்றால் இந்தச் சுழற்சிதான் மருந்து. பக்கத்து வட்டாரங்களோடு சேர்ந்து இரவு நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள், ஆன்லைனில் வேறு நேர மண்டலத்தில் விழித்திருப்பவர்களும் எடுக்கலாம்.

அதற்கு மேல் இயந்திரத்திடம் விடாதீர்கள். 1935 மே மாதம் அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்தில், குடியை விட்டிருந்தும் மறுபடி குடிக்கத் தோன்றிய பில் டபிள்யூ. என்பவர் ஹோட்டல் முன்கூடத்திலிருந்து போன் போட்டுத் தேடியது இன்னொரு குடிநோயாளியை. அப்படித்தான் டாக்டர் பாப் என்ற குடிநோயாளி கிடைத்தார், இருவராலும் ஏ.ஏ. பிறந்தது. ராத்திரி மூன்று மணிக்குக் கூப்பிடுபவரும் தன்னைப்போல் ஒருவரின் குரலைத்தான் தேடுகிறார்.

இன்னொரு காரணமும் உண்டு, அது உயிர் சம்பந்தப்பட்டது. தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் உடல் நடுக்கமும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். "நேற்றிலிருந்து குடிக்கவில்லை, கை நடுங்குகிறது, யாரோ பேசுவது மாதிரிக் கேட்கிறது" என்று ஒருவர் சொன்னால் அவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். உதவி எண்ணில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். அவசர எண்ணை அவர்கள் கண்ணெதிரே எழுதி வையுங்கள்.

கேள்வி: என் கணவர் குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. கடவுளுக்கு நன்றி. ஆனால் இப்போது தினமும் ராத்திரி லேப்டாப்பும் கையுமாகத் தோழமையின் இணையதள வேலை. அவர் கூட்டத்துக்குப் போயே ஒரு மாதம் ஆகிறது. சொன்னால் "சேவைதானே" என்கிறார். நான் குறை சொல்வது தப்பா?

தப்பே இல்லை அம்மா. நீங்கள் கவனித்திருப்பது மிக முக்கியமான விஷயம். சேவை மீட்சிக்கு நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மற்றவர்களுக்குக் கூட்ட நேரத்தைத் திருத்திக் கொடுத்துக்கொண்டே தான் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் யாரிடமும் மனதைத் திறக்க வேண்டியதில்லை, அதனால் அது சுலபம். லேப்டாப்பைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். "உங்கள் ஸ்பான்சரிடம் பேசி எத்தனை நாள் ஆகிறது?" என்று மட்டும் கேளுங்கள், கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். (ஸ்பான்சர் என்றால் தோழமையில் ஒருவருக்குத் தனியாக வழிகாட்டும் மூத்த உறுப்பினர்.)

அவரோடு வேலை செய்யும் சேவைக் குழுவினர் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்த வேலையை ஒருவர் தலையில் கட்டாதீர்கள், இருவராகச் செய்யுங்கள், இரண்டு வருடம் ஆனதும் மாற்றுங்கள். உங்களுக்கு அம்மா, குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் 1951லிருந்து இருக்கிறது. ஆன்லைனிலும் கூடுகிறார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள், பேச வேண்டும் என்றுகூட இல்லை, கேட்டுவிட்டு வரலாம்.

கேள்வி: எங்கள் இணையதளத்தின் எல்லாக் கடவுச்சொல்லும் ஒரே ஒருவரிடம் இருந்தது. அவர் மறுபடி குடிக்கத் தொடங்கி, தொடர்பிலேயே இல்லை. இப்போது தளமும் முடங்கிவிட்டது.

முதலில் அவரைத் தேடிப் போங்கள், கடவுச்சொல்லுக்காக அல்ல. இருவராகப் போங்கள், அவருக்கான நாற்காலி காலியாகவே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள். சாவியை அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது தண்டனை ஆகிவிடக்கூடாது. அந்தச் சுமை இறங்குவதே அவருக்கு நிம்மதியாக இருக்கலாம்.

டொமைன் பெயர், அதாவது இணையதள முகவரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, பணம் யார் கார்டிலிருந்து போகிறது, இரண்டையும் உடனே பாருங்கள். தனிநபர் பெயரில் இருந்தால் புதுப்பிக்கும் தேதி தாண்டுவதற்குள் மாற்ற முயலுங்கள். காலாவதியான டொமைன்களை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுபவர்கள் இருக்கிறார்கள், உங்கள் பழைய முகவரியை நம்பி வரும் குடிநோயாளி அங்கே போய் விழுவார். இனிமேல் பதவிக்கென்று ஒரு மின்னஞ்சல் வையுங்கள், ஆள் மாறினாலும் முகவரி மாறாது. கடவுச்சொற்களைப் பாஸ்வேர்ட் மேனேஜரில் வைத்து இருவரிடம் கொடுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பின் மீட்புக் குறியீடுகளும் அதிலேயே இருக்கட்டும். கூடவே, புதிதாக வருபவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி ஒரே ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: எது எங்கே ஓடுகிறது, எப்போது பணம் கட்ட வேண்டும், கெட்டுப்போனால் யாரைக் கூப்பிட வேண்டும்.

கேள்வி: நாங்கள் சூதாட்டத்திலிருந்து மீள்பவர்களின் தோழமையான கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் உறுப்பினர்கள். எங்களில் பலருக்குப் போன்தான் சூதாட்டம். அவர்களைப் போய் ஆப்பைப் பார், ஜூமில் வா என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வி எல்லாத் தோழமைகளும் கேட்டுக்கொள்ள வேண்டியது. 1957இல் உங்கள் தோழமை தொடங்கியபோது பந்தயம் கட்ட எங்காவது போக வேண்டியிருந்தது, இன்றைக்குச் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அதனால் ஸ்மார்ட்போன் இல்லாமலே உங்களிடம் வந்து சேர வழி இருக்க வேண்டும். ஆன்லைன் கூட்டங்களில் சாதாரண போனிலிருந்து எண்ணை அழுத்திச் சேரும் வசதி உண்டு, பல குழுக்கள் அதை அறிவிப்பதே இல்லை. அறிவியுங்கள். வேண்டுமென்றே பட்டன் போனுக்கு மாறியவர்களுக்கு நேர மாற்றத்தை எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்புங்கள். ஸ்மார்ட்போன் வைத்தே ஆக வேண்டியவர்களுக்குச் சூதாட்டத் தளங்களைத் தடுக்கும் மென்பொருளைப் போட்டுக் கொடுங்கள், அதைத் திறக்கும் கடவுச்சொல் அவர் கையில் இல்லாமல் ஸ்பான்சரிடம் இருக்கட்டும்.

அச்சடித்த பட்டியலையும் விட்டுவிடாதீர்கள். பி.எம்.எல்.டி. போன்ற கருவிகளிலிருந்து நேரடியாக அச்சுப் பட்டியல் எடுக்கலாம், இரண்டு தடவை தட்டச்சு செய்ய வேண்டாம். மடித்துப் பர்சில் வைக்கும் அளவில், கண்ணாடி இல்லாமல் படிக்கும் எழுத்தில் போடுங்கள். மேல் மூலையில் அச்சிட்ட தேதியையும், கூப்பிட்டால் மனிதர் எடுக்கும் ஓர் எண்ணையும் போடுங்கள். புதுப் பட்டியல் வந்த அன்று பழையதை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.